கைக்கடிகார மனமறி வித்தை

கைக்கடிகார மனமறி வித்தை என்பது, பார்வையாளர் ஒருவர் தம் மனத்துள் நினைத்த மணியைக் கைக்கடிகாரம் ஒன்றின் துணைகொண்டு வித்தையாளர் கண்டறிவதாகத் தோன்றச் செய்யும் மாயவித்தை ஆகும். இது மனமறி வித்தைகள் என்னும் பெரும்பிரிவைச் சார்ந்தது. இவ்வித்தைக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் எண்கணித அடிப்படையில் அமைந்த 'தட்டு முறை' மிகவும் எளியது. சிறப்புக் கருவியோ கைத்திறனோ தேவைப்படாதது. இருவர் சேர்ந்து செய்யும் 'குறிமொழி முறை' தமிழகத் தெருவோர வித்தைகளில் நெடுங்காலமாகக் காணப்படுவது. இவ்வித்தைகள் எவற்றிலும் மனத்தைப் படிக்கும் ஆற்றல் எதுவும் பயன்படுவதில்லை.

பெயர்

தமிழில் மாயவித்தை, கண்கட்டு வித்தை, செப்படி வித்தை, ஜாலவித்தை ஆகிய சொற்கள் பொதுவாக இக்கலையைக் குறிக்கப் பயன்படுகின்றன. செப்படி வித்தை கைத்திறனைச் சார்ந்தது. கண்கட்டு வித்தை பார்வையை ஏமாற்றுவது. மனமறி வித்தை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கே ஏமாறுவது கண்ணன்று, கருத்து. பார்வையாளர் எல்லாவற்றையும் சரியாகவே பார்க்கிறார். பார்த்ததிலிருந்து அவர் பெறும் முடிவு மட்டுமே தவறாக அமைகிறது.

தட்டு முறை

தேவையானவை: 1 முதல் 12 வரை எண்களோ கோடுகளோ பொறிக்கப்பட்ட முள் கடிகாரம் ஒன்று, ஒரு பேனா அல்லது பென்சில். இலக்கமுறைக் கடிகாரம் இதற்குப் பயன்படாது. கைக்கடிகாரம் அணியாதோர் கூடியுள்ள இடத்தில் தாளில் ஒரு வட்டம் வரைந்து 12 எண்களை இட்டாலும் போதுமானது.

செய்முறை:

1. கடிகார முகப்பில் உள்ள மணிகளுள் ஏதேனும் ஒன்றை மனத்துள் நினைத்துக்கொள்ளுமாறு பார்வையாளரிடம் கூற வேண்டும். அவர் அதனை வெளியே சொல்லக் கூடாது.
2. வித்தையாளர் பேனாவால் முகப்பின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். பார்வையாளர் தாம் நினைத்த எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்றாக மனத்துள் எண்ணி வர வேண்டும். 5 என நினைத்தவர் முதல் தட்டுக்கு 6, இரண்டாம் தட்டுக்கு 7 என்றவாறு எண்ணுவார்.
3. எண்ணிக்கை 20 ஆனவுடன் 'நிறுத்து' எனப் பார்வையாளர் உரக்கக் கூற வேண்டும்.
4. முதல் 7 தட்டுகளை வித்தையாளர் தம் விருப்பப்படி எந்த எண்களின் மீது வேண்டுமானாலும் தட்டலாம்.
5. எட்டாவது தட்டு கட்டாயமாக 12இன் மீது அமைய வேண்டும். அதன் பின்னர் 11, 10, 9 என இடஞ்சுழியாக, ஓர் எண்ணும் விடாமல் தட்டிச் செல்ல வேண்டும்.
6. 'நிறுத்து' என்னும் குரல் எழும்போது பேனா நிற்கும் எண்ணே பார்வையாளர் நினைத்த எண் ஆகும்.

எடுத்துக்காட்டு

பார்வையாளர் 5 என நினைத்ததாகக் கொள்வோம். முதல் தட்டுக்கு அவர் 6 என எண்ணுகிறார். ஏழாவது தட்டில் அவரது எண்ணிக்கை 12. எட்டாவது தட்டில் பேனா 12இன் மீது உள்ளது, எண்ணிக்கை 13. தொடர்ந்து வருவன:

9ஆம் தட்டு - இடம் 11 - எண்ணிக்கை 14
10ஆம் தட்டு - இடம் 10 - எண்ணிக்கை 15
11ஆம் தட்டு - இடம் 9 - எண்ணிக்கை 16
12ஆம் தட்டு - இடம் 8 - எண்ணிக்கை 17
13ஆம் தட்டு - இடம் 7 - எண்ணிக்கை 18
14ஆம் தட்டு - இடம் 6 - எண்ணிக்கை 19
15ஆம் தட்டு - இடம் 5 - எண்ணிக்கை 20

பதினைந்தாவது தட்டில் பார்வையாளர் நிறுத்துகிறார். பேனா 5இன் மீது நிற்கிறது. இரு எல்லைகளையும் நோக்கினால், 12 என நினைத்தவர் எட்டாவது தட்டிலேயே நிறுத்துவார். 1 என நினைத்தவர் பத்தொன்பதாவது தட்டில் நிறுத்துவார். எனவே எவரும் எட்டாவது தட்டுக்கு முன் நிறுத்த இயலாது. முதல் 7 தட்டுகள் முற்றிலும் கட்டற்றவையாக இருப்பதன் காரணம் இதுவே.

கணித விளக்கம்

நினைத்த எண் ம எனவும், தட்டுகளின் வரிசை எண் த எனவும் கொள்க. பார்வையாளரின் எண்ணிக்கை எப்போதும் ம + த ஆகும். எட்டாவது தட்டு முதல் பேனா நிற்கும் இடம் 20 − த ஆகும். எண்ணிக்கை 20 ஆகும்போது ம + த = 20; ஆகவே த = 20 − ம. அப்போது பேனாவின் இடம் 20 − (20 − ம) = ம.

இதனை வேறொரு வகையாகவும் கூறலாம். ஒவ்வொரு தட்டுக்கும் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. பேனாவின் இடம் ஒன்று குறைகிறது. எனவே இவ்விரண்டின் கூட்டுத்தொகை மாறாமல் 20 + ம ஆகவே இருக்கிறது. மேற்காட்டிய அட்டவணையில் எந்த வரியைக் கூட்டினாலும் 25 வருவதைக் காணலாம். கூட்டலின் ஒரு பகுதி 20 ஆனவுடன் மற்றொரு பகுதி ம ஆகியே தீர வேண்டும். கணினி நிரலாக்கத்தில் ஒரு மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாதிருக்கும் உறவைக் கொண்டு அந்நிரல் சரியானது என நிறுவுவர். இவ்வித்தை அம்முறைக்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு ஆகும்.

இவ்விளக்கத்திலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. பார்வையாளர் 'நிறுத்து' எனக் கூறும் கணம் வரை வித்தையாளருக்கு அந்த எண் தெரியாது. அவர் எதையும் கண்டறிவதில்லை. பார்வையாளரே தம் எண்ணை, தாம் அறியாமலேயே, தட்டுகளின் எண்ணிக்கை வாயிலாக வெளிப்படுத்திவிடுகிறார்.

முதல் 7 தட்டுகளை 12 இடங்களில் விருப்பம்போல் அமைக்க 3,58,31,808 வழிகள் உள்ளன. ஆகவே மீண்டும் மீண்டும் செய்தாலும் தொடக்கம் ஒரே மாதிரி அமைய வேண்டியதில்லை. எனினும் பிற்பகுதி மாறுவதில்லை ஆதலால், ஒரே அவையில் மூன்று முறைக்கு மேல் செய்தால் கூர்ந்து நோக்குவோர் 12இலிருந்து பின்னோக்கிச் செல்வதைக் கண்டுகொள்வர்.

பொதுமைப்படுத்தல்

வட்டத்தில் உள்ள இடங்களின் எண்ணிக்கை இ எனவும், நிறுத்த வேண்டிய எண் நி எனவும் கொண்டால், நி − இ என்னும் வரிசை எண்ணுடைய தட்டு கடைசி இடத்தின் மீது அமைய வேண்டும். அதற்கு முந்தையவை யாவும் கட்டற்றவை. 12 இடங்களும் 20 என்னும் எண்ணும் சேரும்போது இது எட்டாவது தட்டு ஆகிறது. 24 மணி முகப்புடைய கடிகாரத்தில் 30 வரை எண்ணச் சொன்னால் ஆறாவது தட்டு 24இன் மீது அமைய வேண்டும்.

இம்முறைக்குக் கடிகாரம் இன்றியமையாதது அன்று. மேடம் முதல் மீனம் வரையிலான 12 கட்டங்களைக் கொண்ட இராசிக் கட்டத்திலும் இது அப்படியே பொருந்தும். அசுவினி முதல் ரேவதி வரையிலான 27 நாள்மீன்களை வட்டமாக எழுதி 35 வரை எண்ணச் சொன்னால் எட்டாவது தட்டு ரேவதியின் மீது அமைய வேண்டும். ஒருவரின் இராசியையோ நட்சத்திரத்தையோ கேட்காமலே கூறுவதாகக் காட்டிக்கொள்ள இது போதுமானது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தவறு நேரும் இடங்கள்

- பார்வையாளர் தாம் நினைத்த எண்ணையே முதல் தட்டுக்கு எண்ணிவிட்டால், பேனா ஒரு மணி குறைவாக நிற்கும். 5 என நினைத்தவருக்கு 4 வரும். இத்தவறே மிகுதியாக நேர்வது. ஓர் எடுத்துக்காட்டைக் கூறி விளக்கிய பின்னர் தொடங்குவது நன்று.
- தட்டுகள் மிக விரைவாக அமைந்தால் பார்வையாளர் எண்ணிக்கையைத் தவறவிடுவார். வினாடிக்கு ஒரு தட்டு என்பது ஏற்ற வேகம்.
- வித்தையாளர் எட்டாவது தட்டு வரை மட்டுமே எண்ணினால் போதும். அதன் பின் எண்ண வேண்டியதில்லை. பின்னோக்கிச் சென்றாலே போதும்.
- பார்வையாளர் உதடசைத்து எண்ணினால் அருகிலிருப்போர் முறையை ஊகித்துவிடக் கூடும்.

பஷே முறை

இவ்வித்தையின் பழைய வடிவம் ஒன்றில் தட்டுவதும் எண்ணுவதும் பார்வையாளரே ஆவார். அவர் ஒரு மணியை நினைத்துக்கொண்டு, முகப்பில் வேறொரு மணியைத் தொட வேண்டும். தொட்ட மணியிலிருந்து இடஞ்சுழியாகத் தட்டியவாறு, நினைத்த எண்ணில் தொடங்கி எண்ண வேண்டும். தொட்ட எண்ணுடன் 12ஐக் கூட்டி, அத்தொகை வந்ததும் நிறுத்துமாறு வித்தையாளர் கூறுவார். எடுத்துக்காட்டாக, 3 என நினைத்தவர் 10ஐத் தொட்டால் 22 வரை எண்ண வேண்டும். 10ஐத் தட்டும்போது 3, 9ஐத் தட்டும்போது 4 எனச் சென்றால், 22 என எண்ணும்போது விரல் 3இன் மீது நிற்கும். நினைத்த எண் தொட்ட எண்ணைவிடப் பெரிதாக இருந்தாலும் முறை பிழையாதிருக்கவே 12 கூட்டப்படுகிறது. கடிகாரம் 12 மணிக்கு ஒருமுறை தொடக்க இடத்துக்கு மீள்வதால், இதனை மட்டு எண்கணிதத்தின் பயன்பாடாகக் கொள்ளலாம்.

வரலாறு

பிரெஞ்சுக் கணிதவியலாளரான கிளாட் காசுபார் பஷே 1612இல் வெளியிட்ட எண் விளையாட்டு நூலில், கடிகாரத்தில் நினைத்த மணியைக் கண்டறியும் சிக்கல் இடம்பெற்றுள்ளது. கேம்பிரிட்ச் டிரினிட்டிக் கல்லூரியைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. ரௌசு பால், முதன்முதலில் 1892இல் வெளிவந்த தமது கணிதப் பொழுதுபோக்கு நூலில் பஷேயின் முறையை எடுத்துக்காட்டியதுடன், 20 வரை எண்ணும் தட்டு முறையையும் விளக்கினார். அதனை முதலில் கண்டவர் யார் எனத் தாம் அறியாததையும் குறிப்பிட்டார். அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்டினர் (1914-2010) 1956இல் வெளியிட்ட கணித மாயவித்தை நூலின் வாயிலாக இது பரவலாக அறியப்பட்டது.

குறிமொழி முறை

தமிழகத்தின் சந்தைகளிலும் கடற்கரைகளிலும் பேருந்து நிலையங்களின் அருகிலும் தெருவோர வித்தைக்காரர்கள் நிகழ்த்தி வந்த வித்தை பலரும் அறிந்தது. சிறுவன் ஒருவனைத் தரையில் படுக்க வைத்துத் துணியால் மூடுவர். வித்தைக்காரர் கூட்டத்தைச் சுற்றி வந்து, ஒருவரின் சட்டை நிறம், கையிலுள்ள பொருள், கைக்கடிகாரம் காட்டும் மணி ஆகியவற்றைக் கேட்பார். துணிக்குள்ளிருந்தே சிறுவன் சரியாக விடை கூறுவான்.

இவ்வித்தையின் திறவுகோல் வினாவின் சொல்லமைப்பில் உள்ளது. கேட்கும் சொல்லே விடையைத் தாங்கி வருகிறது. 'சொல்', 'சீக்கிரம் சொல்', 'பார்த்துச் சொல்', 'உரக்கச் சொல்' என்பன போன்ற 12 தொடர்களை 1 முதல் 12 வரையிலான எண்களுக்கு உரியனவாக முன்னரே இருவரும் வகுத்துக்கொண்டதாகக் கொள்வோம். மணிக்கு ஒரு தொடர், நிமிட முள் நிற்கும் எண்ணுக்கு ஒரு தொடர் என இரண்டே தொடர்களால் 144 வெவ்வேறு நேரங்களை உணர்த்திவிடலாம். கேட்போருக்கு அவை வெறும் அதட்டலாகவே ஒலிக்கும். ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு குறிமொழியை அமைத்துக்கொள்ள இயலும்.

ஐரோப்பாவில் இத்தகைய வித்தை 'இரண்டாம் பார்வை' எனப்பட்டது. பிரெஞ்சு வித்தையாளர் ராபேர் ஊடேன் 1846 முதல் தம் மகன் எமிலுடன் இதனைப் பாரிசில் நிகழ்த்திப் புகழ்பெற்றார்.

தெருவோர வித்தை பெரும்பாலும் தாயத்து விற்பனையில் முடிவது வழக்கம். கடிகாரத்தின் மணியைச் சரியாகக் கூறிய சிறுவனைக் கண்டு வியந்தோர், அவ்வியப்பு அடங்கும் முன்னரே தாயத்தின் ஆற்றலையும் நம்பிவிடுகின்றனர். மணியைக் கூறியதற்கும் நோய் தீர்வதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனினும் முன்னது பின்னதற்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது.

பிற கைக்கடிகார வித்தைகள்

பார்வையாளர் கூறும் நேரத்தைக் கவிழ்த்து வைத்த கடிகாரம் முன்னரே காட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றச் செய்யும் வித்தைகளும் உள்ளன. இவற்றுட் சில கைத்திறனாலும், சில இதற்கெனவே செய்யப்பட்ட கடிகாரங்களாலும் நிகழ்த்தப்படுகின்றன.

நின்றுபோன கடிகாரத்தை மன ஆற்றலால் ஓடச் செய்வதாகக் கூறிய இசுரேலியர் யூரி கெல்லர் 1970களில் உலகப் புகழ் பெற்றார். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக உளவியலாளர்கள் டேவிட் மார்க்சு, ரிச்சர்டு காம்மன் ஆகியோர் கடிகாரம் பழுதுபார்ப்போரிடம் ஆய்வு செய்து, பழுதெனக் கொண்டுவரப்படும் கடிகாரங்களுள் பாதிக்கு மேற்பட்டவை கையில் வைத்துச் சற்று அசைத்தாலே மீண்டும் ஓடுவதைக் கண்டனர். சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தில் உறைந்த எண்ணெய் கைச்சூட்டால் இளகுவதும், சிக்கிய தூசு அசைவால் விலகுவதும் இதன் காரணங்களாகும். பெங்களூரில் 1961இல் கடிகார உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் பல தமிழக வீடுகளின் மேசை அறைகளில் நின்றுபோன நிலையில் உள்ளன. அவற்றைக் கொண்டு இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம். மின்கலம் தீர்ந்த குவார்ட்சுக் கடிகாரம் இவ்வாறு ஓடாது.

அவதானக் கலையுடன் ஒப்பீடு

தமிழ் மரபில் எண்ணிக்கையை மனத்துள் காப்பது வித்தையாக அன்றிப் பயிற்சியாகவே போற்றப்பட்டது. அவதானிகள் செய்யுள் இயற்றுதல், வினாக்களுக்கு விடை கூறுதல் முதலியவற்றைச் செய்துகொண்டே, தம் முதுகின் மீது எறியப்படும் கற்களின் எண்ணிக்கையையும் மணியோசையின் எண்ணிக்கையையும் நினைவில் வைத்து இறுதியில் கூறுவர். செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். வெளியிலிருந்து நோக்குவோருக்கு அவதானமும் மனமறி வித்தையும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆயினும் அவதானி தாம் செய்வதாகக் கூறுவதையே செய்கிறார். மனமறி வித்தையாளர் வேறொன்றைச் செய்கிறார்.

சென்னையும் மனமறிதல் பற்றிய ஆய்வுகளும்

சென்னை அடையாற்றில் 1882இல் தன் தலைமையிடத்தை அமைத்த பிரம்மஞான சபை, மனமறிதல் உள்ளிட்ட ஆற்றல்களைப் பற்றிய உலகளாவிய விவாதம் ஒன்றின் களமாயிற்று. அதே ஆண்டில் இலண்டனில் உளவியல்கடந்த நிகழ்வுகளை ஆராயும் கழகம் தோன்றியது. அடையாற்றில் பிளாவட்சுகி அம்மையாரைச் சுற்றி நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட அற்புதங்களும், தொலைவிலிருந்த மகாத்மாக்களிடமிருந்து வந்ததாகக் கூறப்பட்ட மடல்களும் மோசடி என்னும் குற்றச்சாட்டு 1884 செப்டம்பரில் சென்னை கிறித்தவக் கல்லூரி இதழில் வெளியாயிற்று. கழகத்தின் சார்பில் ரிச்சர்டு ஆட்சுசன் 1884 டிசம்பரில் அடையாற்றுக்கு வந்து ஆய்வு செய்தார். 1885இல் வெளியான அவரது அறிக்கை, அவை ஏமாற்று வேலைகள் என முடிவு கூறியது. சபையினர் அம்முடிவை ஏற்கவில்லை. 1986இல் அதே கழகத்தின் இதழ், ஆட்சுசனின் ஆய்வுமுறையைக் கடுமையாகக் குறைகூறும் வெர்னன் ஆரிசனின் கட்டுரையை வெளியிட்டது. அற்புதத்தைச் சோதிப்போரின் முறைகளும் சோதனைக்கு உரியவை என்பதற்கு இது சான்று.

கேரளத்தில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்ற ஆபிரகாம் கோவூர் (1898-1978), ஏமாற்றுக்கு இடமற்ற சூழலில் அற்புத ஆற்றலை மெய்ப்பிப்போருக்கு ஒரு இலட்சம் இலங்கை ரூபாய் வழங்குவதாக 1963இல் அறிவித்தார். பிறர் மனத்தைப் படித்தலும் அவரது பட்டியலில் இருந்தது. எவரும் அப்பரிசை வெல்லவில்லை. கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த மாயவித்தையாளர் பி. பிரேமானந்த் (1930-2009) அப்பணியைத் தொடர்ந்தார். 1980இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பகுத்தறிவு இயக்கத்தினரும் இத்தகைய வித்தைகளைச் செய்துகாட்டி, அவற்றின் விளக்கத்தையும் மக்களிடம் கூறி வந்துள்ளனர்.

நெறியும் சட்டமும்

மாயவித்தையாளர்களிடையே இரகசியத்தை வெளியிடலாகாது என்னும் மரபு உள்ளது. தட்டு முறை நூல்களில் நெடுங்காலமாக வெளிப்படையாக விளக்கப்பட்டுள்ளதால் அம்மரபு இதற்குத் தடையாவதில்லை. பொழுதுபோக்கு எனக் கூறிச் செய்யும்போது இது ஒரு கலை. அதே 15 தட்டுகளைச் செய்துவிட்டு, 'உங்கள் மனத்தை அறிந்தேன். உங்கள் எதிர்காலத்தையும் அறிவேன்' எனக் கூறிப் பொருள் பெறும்போது அது மோசடி ஆகிறது. செய்முறையில் வேறுபாடு இல்லை. சொல்லப்படுவதில்தான் வேறுபாடு உள்ளது.

தாயத்து, மந்திரம் முதலியவற்றால் நோய் தீரும் என விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் தொடர்பான சட்டம் தடை செய்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என, 1976இல் 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட இந்திய அரசியலமைப்பின் 51அ உறுப்பு கூறுகிறது.

கல்வியில் பயன்பாடு

நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு எழுத்துக்கணிதத்தை அறிமுகம் செய்ய இவ்வித்தை ஏற்றது. முதலில் வித்தையைச் செய்துகாட்டி, பின்னர் 1 முதல் 12 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனையாவது தட்டில் நிறுத்தப்படும் என அட்டவணை இடச் செய்யலாம். அட்டவணையை நிறைவு செய்யும் மாணவர் பெரும்பாலும் இரகசியத்தைத் தாமே கண்டுகொள்வர். 20க்கு மாறாக 25 வரை எண்ணச் சொன்னால் எத்தனையாவது தட்டு 12இன் மீது அமைய வேண்டும் என்னும் வினாவுக்கு (13) விடை கூறுபவர், வித்தையை மட்டுமன்றி அதன் காரணத்தையும் அறிந்தவர் ஆவார். அவ்வாறு அறிந்தவரிடம் இராசிக் கட்டத்தை வைத்து இதே வித்தையைச் செய்து தாயத்து விற்பது கடினம்.

இவற்றையும் பார்க்க

- மட்டு எண்கணிதம்
- அவதானக் கலை
- ஆபிரகாம் கோவூர்
- செய்குத்தம்பிப் பாவலர்
- பிரம்மஞான சபை